அக்கரைக் கேள்விகள், ஆச்சி பதில்கள்

(1986-ல் கல்யாணமாகிச் சிங்கப்பூர் போனேன். முப்பத்தோரு வருடம் அங்கே குடித்தனம் செய்துவிட்டு, 2017-ல் செட்டிநாட்டில் உள்ள எங்கள் கானாடுகாத்தானுக்கே திரும்பிவிட்டேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் சிலவற்றுக்குப் பதில்.)

என் மகன் பத்தாவது தேறி, ஐ.டி.ஐ.யில் வெல்டிங் முடித்தவன். மலேசியாவில் வேலை வாங்கித் தருகிறேன் என்று ஓர் ஏஜென்ட் ஒன்றேகால் லட்சம் கேட்கிறார். முதலில் டூரிஸ்ட் விசாவில் போய் இறங்கட்டும், பெர்மிட்டை அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். வட்டிக்கு வாங்கிக் கொடுக்கலாமா?
— ஒரு தாய், தேவகோட்டை

கொடுக்காதீர்கள் அம்மா. சுற்றிப் பார்க்கக் கொடுத்த விசாவில் வேலை செய்தால் அந்த ஊர்ச் சட்டப்படி குற்றம். சோதனைக்கு வருகிறவர்கள் ஏஜென்டைத் தேட மாட்டார்கள், உங்கள் மகனைத்தான் வண்டியில் ஏற்றுவார்கள்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பையன் இப்படித்தான் போனான். ஓட்டலில் வேலை. பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டார். ஏழாம் மாதம் பிடிபட்டு, தடுப்பு முகாமில் கிடந்து, ஒருநாள் விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்கினான். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் ஒரு கைலியும் பல் துலக்கும் பிரஷும் இருந்தன. அவன் ஆத்தா அடகு வைத்த தோடு இன்னும் மீளவில்லை. அந்தப் பையைப் பார்த்தவள் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

முறையான வழி இருக்கிறது. ஆள் அனுப்புகிறவர் மத்திய அரசின் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அவரிடம் உரிம எண்ணைக் கேட்டு வாங்கி, இ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபாருங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், அதற்கு ஜி.எஸ்.டி. அதற்கு மேல் வாங்கினால் சட்டத்துக்குப் புறம்பு. ரசீது தர மறுத்தாலே எழுந்து வந்துவிடுங்கள். சந்தேகம் இருந்தால் சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது, நேரில் போய்க் கேட்கலாம். பத்தாவது தேறாதவர் மலேசியாவுக்கோ வளைகுடாவுக்கோ வேலைக்குப் போக அங்கே அனுமதி வாங்கியே ஆக வேண்டும். உங்கள் மகன் தேறியவர், அவருக்கு அந்த விதி இல்லை. இந்த ஓட்டையை வைத்துத்தான் இப்படிப்பட்ட ஏஜென்டுகள் பிழைக்கிறார்கள்.

எனக்குச் சிங்கப்பூர் மாப்பிள்ளை பேசியிருக்கிறார்கள். நான் எம்.சி.ஏ. படித்து மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். அங்கே போனதும் வேலை தேடிக்கொள்ளலாம் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். உண்மைதானா?
— வாசகி, காரைக்குடி

வீட்டில் சொல்கிறவர்கள் பழைய கதை சொல்கிறார்கள். மாப்பிள்ளை எம்ப்ளாய்மென்ட் பாஸில் (வேலை அனுமதி) இருந்தால் நீங்கள் டிபெண்டன்ட் பாஸில் (குடும்பத்தாருக்கான அனுமதி) போவீர்கள். முன்பெல்லாம் அந்தப் பாஸில் இருப்பவர் ஓர் ஒப்புதல் கடிதம் வாங்கி வேலைக்குப் போய்விடலாம். 2021 மே மாதத்தோடு அது மாறிவிட்டது. இப்போது உங்கள் தகுதிக்கு, உங்கள் பெயரிலேயே ஒரு நிறுவனம் தனி வேலை பாஸ் எடுத்துத் தர வேண்டும். கிடைக்காது என்று சொல்லவில்லை, கடினம். டிபெண்டன்ட் பாஸ் எடுப்பதற்கே மாப்பிள்ளையின் மாதச் சம்பளம் 6,000 சிங்கப்பூர் வெள்ளியாவது (டாலர்) இருக்க வேண்டும்.

ஆத்தா, முறைச்சிட்டை (சீர்வரிசைப் பட்டியல்) எழுதும்போது வெள்ளி எத்தனை கிலோ, வைரம் எத்தனை கேரட் என்று நம் நகரத்தார் வீடுகளில் வரிவரியாகப் பேசுகிறோம். மாப்பிள்ளை எந்தப் பாஸில் இருக்கிறார், அது எப்போது முடிகிறது, எத்தனை வருடம் அங்கே இருக்கப் போகிறார் என்று ஒருவரும் கேட்பதில்லை. நீங்களே போனில் அவரிடம் கேளுங்கள். கேட்டதற்குக் கோபப்படுகிறவர் என்றால் அதையும் கல்யாணத்துக்கு முன்பே தெரிந்துகொண்டதாகட்டும். நான் கேட்காமல் போனவள். பி.எஸ்சி. கணிதம் படித்திருந்தும் முதல் நான்கு வருடம் ஜன்னல் வழியாகக் கார் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மகன் துபாயில் இருக்கிறான். இங்குள்ள பழைய சேமிப்புக் கணக்கிலேயே பணம் போட்டு, வயல் வாங்கச் சொல்கிறான்.
— வாசகர், நாச்சியாபுரம்

இரண்டுமே தவறு. வெளிநாட்டில் குடியிருப்பவர் பழைய சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக (வெளிநாடுவாழ் இந்தியர் உள்நாட்டு வரவுக்கு வைக்கும் கணக்கு) மாற்றிவிட வேண்டும். அங்கே சம்பாதிப்பதை அனுப்ப என்.ஆர்.இ. கணக்கு திறக்கச் சொல்லுங்கள். அதன் வட்டிக்கு இங்கே வரி இல்லை, பணத்தைத் திரும்ப எடுத்துப் போகவும் தடையில்லை. வெளிநாடுவாழ் இந்தியர் வீடு, மனை வாங்கலாம், விவசாய நிலம் வாங்க முடியாது. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். வயலை உங்கள் பெயரில் வாங்கினால் அது உங்கள் சொத்து, மற்ற பிள்ளைகளும் நாளை பங்கு கேட்பார்கள். அந்தப் பேச்சை எல்லோரையும் உட்கார வைத்து இப்போதே பேசுங்கள்.

நானும் ஆச்சியும் மட்டும் பெரிய வீட்டில் இருக்கிறோம். எனக்கு 74, அவளுக்கு 70. மகன்கள் இருவரும் அமெரிக்காவில். மூத்தவன் அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டான், எங்களுக்குக் கிரீன் கார்டு எடுத்துத் தருகிறேன், வந்துவிடுங்கள் என்கிறான். போகலாமா?
— வாசகர், பள்ளத்தூர்

அண்ணே, இந்தக் கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

முதலில் சட்டம். குடியுரிமை பெற்ற பிள்ளை தாய் தகப்பனுக்குக் கிரீன் கார்டு கேட்கலாம், மற்றவர்களைப் போல வருடக் கணக்கான வரிசை இதற்கு இல்லை. கிரீன் கார்டு மட்டும் வைத்திருக்கும் பிள்ளையால் கேட்க முடியாது. ஆக, மூத்தவர் சொல்வது நடக்கும். ஆனால் அங்கே வேலை பார்க்காத, 65 வயது தாண்டியவர்கள், ஐந்து வருடம் தொடர்ந்து குடியிருந்த பிறகே அரசின் மெடிகேர் காப்பீட்டில் பணம் கட்டிச் சேர முடியும். அதுவரை ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்ன வழி என்று மகனிடம் கேளுங்கள். இன்னொன்று, அட்டையை வாங்கிக்கொண்டு இங்கேயே வருடக் கணக்கில் இருந்துவிட முடியாது. நிரந்தரமாகக் குடியிருப்பவருக்குத்தான் அந்த அட்டை.

இனி என் வீட்டுக் கதை. 1994-ல் என் மாமியாரை சிங்கப்பூரில் நாங்கள் இருந்த கிளமெண்டிக்கு அழைத்துப் போனோம். ஒன்பதாம் மாடி. வந்த மறுநாள் காலையில் கதவைத் திறந்து வராந்தாவில் நின்றுகொண்டு, "இங்கே வாசல் எங்கேத்தா?" என்று கேட்டாக. எனக்குப் பதில் தெரியவில்லை. கதவுக்கு முன்னால் சிமெண்டுத் தரையில் ஒரு முழம் அகலத்துக்குக் கோலம் போட்டுக்கொண்டாக.

பக்கத்து வீட்டில் ஒரு சீனப் பாட்டி. சீனர்களின் ஏழாம் மாதம் வந்ததும் அந்தப் பாட்டி சோறு, கோழி, ஆரஞ்சுப் பழமெல்லாம் வைத்து, ஊதுவத்தி ஏற்றி, கீழே தகரத்தில் காகிதம் எரித்தாக. அத்தை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு உள்ளே வந்து, "அவுகளுக்கும் படைப்பு இருக்குத்தா" என்றாக. செத்துப்போன பெரியவர்களுக்குச் சோறு வைக்கிற வீடு அத்தைக்கு அன்னிய வீடில்லை. அன்று சாயங்காலமே கந்தரப்பம் சுட்டு ஒரு தட்டில் கொண்டுபோனாக. சீனப் புத்தாண்டுக்குப் பாட்டி இரண்டு ஆரஞ்சைக் கொடுத்தாக. இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது.

அவ்வளவு இருந்தும் பதினான்காம் மாதம் "எனக்கு என் வளவுதான் வேணும்" என்று சொல்லிவிட்டாக. வளவு என்றால் ஊர் வீட்டின் முற்றமும் அதைச் சுற்றிய கட்டும். ஊருக்கு அனுப்பினோம். நான்கு வருடம் கழித்து, மார்கழியில், வளவுப் பட்டாலைத் திண்ணையில் படுத்தபடி போய்விட்டாக. அன்று விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. நாங்கள் வந்து இறங்கியபோது எல்லாம் முடிந்து வளவு கழுவி விட்டிருந்தது. எத்தனை மாதம் எங்களோடு இருக்கப் பிரியம், எப்போது நாங்கள் ஊருக்கு வர வேண்டும் என்று அத்தையிடம் ஒருநாளும் உட்கார்ந்து கேட்டதில்லை.

ஆகவே என் அபிப்பிராயம்: அட்டைக்கு இப்போது எழுதிக் கொடுக்காதீர்கள். விசிட்டர் விசாவில் ஒரு கோடை போய் இருந்து பாருங்கள், ஒருமுறை நுழைந்தால் பெரும்பாலும் ஆறு மாதம் தருவார்கள். ஆச்சிக்கு என்ன இஷ்டம் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அதை முதலில் கேளுங்கள். இங்கேயே இருப்பது என்று முடிவானால், இரவில் வீட்டில் படுக்க நம்பிக்கையான ஓர் ஆள் வேண்டும், வீட்டின் பின்பகுதியான இரண்டாங்கட்டைப் பூட்டிவிட்டு முகப்புப் பக்கமாகக் குடியிருப்பை மாற்றுங்கள். மகன்கள் இருவரும் எந்த மாதம் யார் வருவது என்று எழுதிக் கொடுக்கட்டும். காலண்டரில் தேதி போட்டு எழுதிக் கேட்பதில் தப்பே இல்லை.

எங்களுக்குச் சிங்கப்பூரில் பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு உரிமை) கிடைக்கப் போகிறது. மகனுக்கு ஆறு வயது. ராணுவச் சேவையை நினைத்தால் பயமாக இருக்கிறது.
— வாசகி, சொந்த ஊர் புதுவயல்

பெற்றோர் மூலம் பி.ஆர். ஆகும் ஆண்பிள்ளை இரண்டு வருடம் முழுநேரத் தேசிய சேவை செய்தே தீர வேண்டும். சேவை செய்யாமல் பி.ஆரை விட்டுவிட்டால், பின்னால் அவன் அங்கே படிக்கவோ வேலைக்கோ வர விண்ணப்பித்தால் அது அவனுக்குப் பாதகமாகவே போகும். என் மகன் போனான். பயிற்சி முகாம் இருக்கும் தெக்கோங் தீவிலிருந்து முதல் விடுமுறைக்கு மொட்டைத் தலையோடு வந்து, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் எட்டு இட்லி தின்றான். நான் அழுதேன், அவன் அழவில்லை. இன்று அவனுக்கு உயிர்ச் சிநேகிதர்கள் அந்தப் படுக்கை வரிசையில் இருந்த மலாய்ப் பையனும் சீனப் பையனும்தான். ஆறு வயதில் முடிவெடுங்கள், பதினாறில் ஓடாதீர்கள்.

நம் ஐயாக்கள் பர்மாவுக்குப் போனது போலத்தானே நாங்களும் போகிறோம்?
— கல்லூரி மாணவர், கோட்டையூர்

போல இல்லை தம்பி. அவர்கள் மூன்று வருடக் கணக்குக்கு, அதாவது ஒப்பந்தத்துக்குப் போனார்கள். என் மாமனார் பதினாறு வயதில் ரங்கூன் மொகல் தெருவில் ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக (எடுபிடியாக) சேர்ந்தவர். கிட்டங்கியில் (கடையும் தங்குமிடமுமான கட்டடம்) தரையில் ஒரு பாய், ஒரு கைப்பெட்டி, அதுதான் அவர் இடம். கணக்கு முடிந்தால் ஊர், பிறகு அடுத்த கணக்கு. போகும்போதே திரும்பும் வருடம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். உங்கள் தலைமுறை தேதி சொல்லாமல் போகிறது.

பெருமையை மட்டும் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. ஆச்சிமாரை அழைத்துப் போகவில்லை. இந்தத் தேக்குத் தூண்களுக்கு நடுவே பெண்கள் தனியாக வருடங்களை எண்ணினார்கள். 1930-ஐ ஒட்டி நெல் விலை விழுந்து, கடனுக்காகக் கீழ் பர்மாவின் விளைநிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு நம்மவர் கைக்கு வந்தது. அந்த உழவர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது. 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது என் மாமனார் மலை வழியே நடந்து வந்தார். கூட நடந்தவர்களில் பலர் வந்து சேரவில்லை. 1948-க்குப் பிறகு நிலமும், 1963, 64-ல் மீதிக் கடைகளும் வங்கிகளும் அரசுடைமை ஆயின. போகிற நாட்டின் மனிதர்கள் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவர்கள் பாஷையில் நூறு வார்த்தையாவது பேசுங்கள். மாமனார் சாகும்வரை தூக்கத்தில் பர்மியமொழி பேசினார்.

மெல்போர்னில் நாங்கள் ஒரே புள்ளி (குடும்பம்). பிள்ளையார் நோன்புக்கு இழை (மாவில் செருகிய எரியும் திரி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வது) கொடுக்கப் பெரியவர்கள் இல்லை. தீயைப் பார்த்து அபார்ட்மென்ட் அலாரம் வேறு கத்துகிறது.
— வாசகி, சொந்த ஊர் கண்டனூர்

1987-ல் நாங்களும் இரண்டே பேர். என் செட்டியார் (கணவர்) இழையை எடுத்துக்கொண்டு எனக்கும் கொடுத்தார்கள். நீங்களும் அப்படியே செய்யலாம். திருக்கார்த்திகையிலிருந்து நாளுக்கு ஒன்றாகப் புது வேட்டியில் நூல் எடுத்து, 21-ஐயும் திரித்துக்கொள்ளுங்கள். ஆவாரம்பூ அங்கே கிடைக்காவிட்டால் ஊரிலிருந்து காயவைத்து அனுப்பச் சொல்லுங்கள். மாவை நெய் விட்டுக் கெட்டியாகப் பிசைய வேண்டும், தளர்ந்தால் திரி சாயும். குழந்தைகளுக்குத் திரியைச் சிறியதாக வைத்து, சுடர் தாழ்ந்ததும் கொடுங்கள். வாயை மூடினால் அணைந்துவிடும், சுடாது. பால்கனியில் காற்றில்லாத மூலையில் விளக்கை வைத்துக் கதவைச் சாத்திவிட்டால் அலாரம் கத்தாது. நேர வித்தியாசம் ஐந்தரை மணி, இங்கே நாங்கள் இழை எடுக்கும்போது உங்களுக்கு நள்ளிரவு தாண்டிவிடும். அதனால் நீங்கள் முன்னால் எடுத்துக்கொண்டு, ஊருக்குப் போன் போட்டுவிடுங்கள்.