குளிர்காலம் சூடாகிக்கொண்டே போனால் மேப்பிள் சிரப் கிடைக்காமல் போய்விடுமா?

கேட்டவர் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறார். கனடாவில் குளிர் வருடத்துக்கு வருடம் குறைகிறதே, மேப்பிள் மரத்தின் சாற்றைக் காய்ச்சி எடுக்கிற இனிப்புப் பாகான மேப்பிள் சிரப் இனி கிடைக்குமா? இப்போதே வாங்கிச் சேர்த்து வைக்கணுமா? இரண்டாவதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதல் கேள்விக்குப் பதில்: இப்போதைக்குக் கிடைக்கும். சொல்லப்போனால் உலக உற்பத்தியில் பெரும்பங்கு வகிக்கும் கியூபெக் மாகாணம் 2024-இல் அதுவரை இல்லாத அளவுக்கு 23.9 கோடி பவுண்டு எடை சிரப் எடுத்தது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு எவ்வளவு தெரியுமா? 12.4 கோடி. 2022-இல் 21.1 கோடி, 2021-இல் 13.3 கோடி. பாதியாக விழுவதும் இரட்டிப்பாக எழுவதுமாக இருக்கிறது. மொத்த அளவைவிட இந்த ஆட்டம்தான் தொழில் செய்கிறவர்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது.

நான் இருப்பது ஒட்டாவாவில். இங்கிருந்து மேற்கே கொஞ்ச தூரத்தில் லனார்க் கவுண்டி. ஒன்டாரியோவின் மேப்பிள் சிரப் தலைநகரம் என்று பெருமையாகப் போர்டு வைத்துக்கொள்ளும் பகுதி. அங்கே நண்பர் ஒருவரின் குடும்பத்துக்கு மேப்பிள் தோப்பு இருக்கிறது. சீசனில் போய் வாளி தூக்குவேன், அடுப்புக்கு விறகு போடுவேன். ஆராய்ச்சியாளன் இல்லை. கூடமாட நின்று பார்த்ததையும், அதனால் ஆர்வம் வந்து படித்ததையும் வைத்து எழுதுகிறேன்.

ஊரில் யாரிடம் சொன்னாலும் "பதநீர் மாதிரியா?" என்பார்கள். பனையில் பாளையைச் சீவிவிட்டால் வெயில் காலத்தில் தினமும் வடியும். மரம் அப்போது பச்சையாக, முழு வேகத்தில் வேலை செய்துகொண்டிருக்கும். மேப்பிள் நேர் எதிர். ஓர் இலைகூட இல்லாமல் மொட்டையாக நிற்கும்போதுதான் சாறு வரும். துளிர் விட்டால் சீசன் முடிந்தது. இனிப்பும் ரொம்பக் குறைவு, 2 சதவீதம் சர்க்கரை இருந்தால் பெரிது. 40 லிட்டர் சாற்றை வற்ற வற்றக் காய்ச்சினால்தான் 1 லிட்டர் சிரப் கிடைக்கும்.

அந்தச் சாறு ஏன் வருகிறது என்பதில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது. பெரும்பாலான மரங்களில் கட்டையின் நார்ச் செல்களுக்குள் நீர் நிறைந்திருக்கும். மேப்பிளில் அவற்றுக்குள் காற்று அடைபட்டிருக்கிறது. ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே போனதும் அந்தச் செல்களின் உட்சுவரில் பனிக்கட்டி படிய ஆரம்பிக்கும். கட்டி வளர வளர உள்ளே இருக்கும் காற்று நெருக்கப்படும். கட்டியாக உறைந்த நீருக்கு ஈடாக மரம் வேரிலிருந்து இன்னும் நீரை மேலே இழுத்துக்கொள்ளும். காலையில் வெயில் பட்டு வெப்பம் பூஜ்யத்தைத் தாண்டியதும் கட்டி உருகும், நெருங்கிக் கிடந்த காற்று விரியும், சாறு அழுத்தத்தோடு வெளியே தள்ளப்படும். சாறு எடுக்க நாம் மரத்தில் போட்ட துளை வழியாகச் சொட்டுவது அதுதான். சாற்றில் கரைந்திருக்கும் சர்க்கரைக்கும் இந்த அழுத்தத்தில் பங்கு உண்டு.

ஆக, மரத்துக்கு வேண்டியது வெறும் குளிர் இல்லை, வெறும் வெப்பமும் இல்லை. ராத்திரி மைனஸ் 5, பகலில் பிளஸ் 5 என்று பூஜ்யத்துக்கு இருபுறமும் ஏறி இறங்க வேண்டும். ராத்திரி உறையவில்லை என்றால் ஒன்றிரண்டு நாளில் ஓட்டம் நின்றுபோகும். பகல் முழுக்க மைனஸ் 10-இலேயே இருந்தாலும் ஒரு சொட்டு வராது. "குளிர் குறைந்தால் சிரப் குறையும்" என்று நேர்கோடாகச் சொல்ல முடியாதது இதனால்தான். ஜனவரியில் இறுகி உறைந்து கிடந்த ஊரில் வெப்பம் கொஞ்சம் கூடினால், அங்கே சாறு ஓடும் நாள்கள் கூடவும் செய்யலாம். ஏற்கெனவே விளிம்பில் இருக்கும் தெற்குப் பகுதிகளில் அதே வெப்பம் ராத்திரி உறைவதையே இல்லாமல் ஆக்கிவிடும்.

சரி, தோப்பில் இதனால் என்ன ஆகிறது? எப்போது துளை போடுவது என்பதே பெரிய தலைவலியாகிவிட்டது. எனக்குத் தெரிந்து வெப்பமாதல் பற்றிய செய்திகளில் இந்த விஷயம் அதிகம் வருவதில்லை, ஆனால் தோப்புக்காரர்கள் வேறு எதையும் பேசுவதில்லை.

அமெரிக்காவில் மேப்பிளுக்குப் பேர்போன வெர்மான்டில் மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை ஊர்க்கூட்ட நாள். கூட்டம் முடிந்ததும் துளை போடலாம் என்பது அங்கே பழைய கணக்கு. இந்தப் பக்கமும் பிப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கம் என்றுதான் வைத்திருந்தார்கள். இப்போது ஜனவரியிலேயே நாலைந்து நாள் இளஞ்சூடு வந்து சாறு ஓட ஆரம்பிக்கிறது. அதைப் பிடிக்க வேண்டுமானால் அப்போதே துளை போட வேண்டும். ஆனால் துளை என்பது மரத்துக்குக் காயம். போட்ட நாளிலிருந்தே மரம் அதை உள்ளிருந்து அடைக்கப் பார்க்கும்; கூடவே பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் சேர்ந்து துளைச் சுவரில் கோழைபோலப் படியும். சில வாரங்களில் ஓட்டம் மந்தமாகிவிடும். ஜனவரியில் போட்ட துளை, சாறு நன்றாக ஓடும் மார்ச் நடுவில் பாதி அடைபட்டுக் கிடக்கும். சரி, புதிதாக இன்னொன்று போடலாமே என்றால், ஒவ்வொரு துளைக்கும் மேலும் கீழுமாகக் கட்டையில் ஒரு நீளக் கீற்று நிரந்தரமாகச் செத்துப்போகிறது. அந்தக் கீற்றில் மறுபடி துளைத்தால் சாறு வராது. பத்து அங்குல விட்டமாவது வந்த மரத்தில்தான் துளை போடுவார்கள்; அந்தப் பருமன் வரவே 40 வருடம் போல ஆகும். அப்படிப்பட்ட மரத்தை அவசரத்துக்காக யாரும் சல்லடையாக்க மாட்டார்கள்.

எனவே ஜனவரி வந்தாலே சூதாட்டம்தான். முன்னாலேயே போட்டால் பின்னால் இழப்பு. காத்திருந்தால் முன்னால் ஓடியது போச்சு. நண்பரின் அப்பா அந்த நாள்களில் வானிலை ஆப்பைத் திறப்பதும் மூடுவதுமாகவே இருப்பார். பத்து நாள் முன்னறிவிப்பை நம்பி ஒரு வருட வருமானத்தை முடிவு செய்ய வேண்டியிருக்கிறதே என்று சலித்துக்கொள்வார்.

2022-23 குளிர்காலத்தில், உறைந்த நீரின்மேல் அமைக்கும் ஒட்டாவாவின் ரிடோ கால்வாய் சறுக்குத் தளம் ஒரு நாள்கூடத் திறக்கவில்லை. அது தொடங்கிய காலத்திலிருந்து அப்படி நடந்தது அதுதான் முதல் முறை. அடுத்த 2023-24 குளிர்காலம் அமெரிக்கப் பெருநிலத்தில் பதிவானவற்றிலேயே மிக வெப்பமானது. விஸ்கான்சின் போன்ற மாநிலங்களில் வழக்கத்துக்கு வாரக்கணக்கில் முன்னதாகவே துளை போட்டார்கள். அதே வசந்தத்தில்தான் கியூபெக் மேலே சொன்ன சாதனை அறுவடையை எடுத்தது. ஒரே குளிர்காலம், இடத்துக்கு இடம் இப்படி மாறுகிறது.

மோசமான பக்கத்துக்கு 2012 நல்ல உதாரணம். அந்த மார்ச்சில் வடகிழக்கு அமெரிக்காவிலும் பெரிய ஏரிகள் பகுதியிலும் திடீரென வெயில் அடித்து, பல ஊர்களில் 25 டிகிரியைத் தாண்டியது. மரங்கள் ஏமாந்து மொட்டு விட்டன. அந்த வருடம் அமெரிக்க உற்பத்தி முந்தைய ஆண்டைவிட 32 சதவீதம் சரிந்து 19.1 லட்சம் கேலனில் நின்றது. மொட்டு உப்ப ஆரம்பித்தால் சாற்றின் வேதியியலே மாறிவிடும். அதைக் காய்ச்சினால் ஒரு மாதிரி குமட்டும் வாடை வரும். பான்கேக்கில் ஊற்ற முடியாது. ஆலைகளுக்கு மலிவு விலையில் தள்ள வேண்டியதுதான். தவிர, வெயில் ஏறினால் கிருமிகள் சுறுசுறுப்பாகி, சாற்றின் சுக்ரோஸைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைத்துவிடும். அதனால் சிரப் கறுக்கும். கறுப்பு ஒன்றும் கெட்டதில்லை. பொன்னிறத்தில் வரும் முதல் ஓட்டத்துச் சிரப்புக்குத்தான் மவுசு, ஆனால் எனக்கு அடர் நிறம்தான் பிடிக்கும். காப்பியில் கலந்தால் அது மட்டும்தான் நாக்குக்குத் தெரியும்.

இத்தனை இடைஞ்சலுக்கு நடுவிலும் உற்பத்தி ஏறுவது எப்படி? தொழில்நுட்பம்தான். படங்களில் பார்க்கிற தகர வாளி பெரிய தோட்டங்களில் எப்போதோ போய்விட்டது. மரத்துக்கு மரம் நீல நிற பிளாஸ்டிக் குழாய் இழுத்து, ஒரு முனையில் வேக்குவம் பம்ப் வைத்து உறிஞ்சுகிறார்கள். இதனால் ஒரு துளைக்குக் கிடைக்கும் சாறு ஏறக்குறைய இரட்டிப்பாகும். ராத்திரி சரியாக உறையாத நாள்களிலும் கொஞ்சம் வரும். துளைக்குள் சாறு திரும்பிப் போகாமல் தடுக்கும் வால்வு வைத்த சிறு குழாயை வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் பிராக்டர் மேப்பிள் ஆராய்ச்சி மையம் கொண்டுவந்தது; கிருமி உள்ளே போவது குறைவதால் துளை அதிக நாள் தாங்குகிறது. காய்ச்சுவதற்கு முன்பே நம் வீட்டுக் குடிநீர் மெஷினில் இருக்கும் அதே ஆர்.ஓ. முறையில் பெரும்பகுதி நீரைப் பிரித்துவிடுகிறார்கள், அதனால் விறகும் எண்ணெயும் மிச்சம். அப்புறம் துளைகளின் எண்ணிக்கையே கூடிவிட்டது. வெர்மான்டில் மட்டும் இருபது வருடத்தில் ஏறத்தாழ மூன்று மடங்கு.

அதாவது தட்பவெப்பம் எடுத்துக்கொள்வதை இயந்திரம் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. பணம் உள்ளவர்களுக்கு. ஐம்பது நூறு வாளி தொங்கவிட்டு வீட்டுக்கும் வார இறுதிச் சந்தைக்கும் காய்ச்சுகிற குடும்பங்களுக்குப் பம்பும் ஆர்.ஓ. மெஷினும் கட்டுப்படியாகாது. மொத்த உற்பத்திப் புள்ளிவிவரத்தை மட்டும் பார்த்து "எல்லாம் நலம்" என்று எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

நீண்ட காலத்தில் என்ன ஆகும் என்பதற்கு ஓரளவு தெளிவான கணிப்பு இருக்கிறது. வர்ஜீனியாவிலிருந்து கியூபெக் வரை ஆறு இடங்களில் சாற்றை அளந்து 2019-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, 2100-க்குள் சீசன் சராசரியாக ஒரு மாதம் முன்னால் நகரும் என்கிறது. சாறு அதிகம் கிடைக்கும் நிலப்பகுதி ஏறத்தாழ 400 கிலோமீட்டர் வடக்கே போகும். முந்தைய கோடை எவ்வளவு சூடோ அவ்வளவுக்கு அடுத்த வசந்தத்தில் சாற்றின் இனிப்பு குறைகிறது என்பதும் அதே ஆய்வில் வந்தது. இனிப்பு 2-லிருந்து 1.5 சதவீதமானால் அதே ஒரு லிட்டருக்கு 40-க்குப் பதில் 55 லிட்டருக்கும் மேல் காய்ச்ச வேண்டும்.

வடக்கே போனால் போகட்டும், அங்கே எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். சாறு ஓடும் வானிலை நகரும், மரம் நகராது. வடக்கே ஊசியிலைக் காடுகளின் மண் அமிலத்தன்மை கொண்டது; சிரப்புக்கு முக்கியமாகப் பயன்படும் சுகர் மேப்பிள் வகைக்குச் சுண்ணாம்புச் சத்துள்ள மண் வேண்டும். இன்று விதை விழுந்தாலும் துளை போடப் பேரன் காலம் ஆகும். கியூபெக்கில் அரசு நிலத்திலுள்ள மேப்பிள் காடுகளை மரம் வெட்டுக்குக் கொடுக்காமல் ஒதுக்கி வைக்கச் சொல்லி உற்பத்தியாளர்கள் இப்போதே போராடுவது இந்தக் கணக்கை மனதில் வைத்துத்தான்.

பனிப் போர்வையும் ஒரு பிரச்சினை. தரையில் கனமாகப் பனி கிடந்தால் அடியில் மண் உறையாது, வேர் பிழைத்துக்கொள்ளும். பனி விழாத மிதமான குளிர்காலத்தில் நடுவே ஒரு கடுங்குளிர் வந்தால் வெறும் தரை உறைந்து மெல்லிய வேர்களெல்லாம் அறுபடும். நியூ ஹாம்ப்ஷயரின் ஹப்பர்ட் புரூக் ஆராய்ச்சிக் காட்டில் வேண்டுமென்றே தரையிலிருந்து பனியை அள்ளி அகற்றிப் பார்த்தபோது சுகர் மேப்பிளின் வளர்ச்சி ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. வெப்பம் கூடுவதால் வேர் குளிரில் சாகிறது.

இனி இரண்டாவது கேள்வி. பதுக்க வேண்டியதில்லை, கியூபெக்காரர்களே பதுக்கி வைத்திருக்கிறார்கள். அங்கே உற்பத்தியாளர் சங்கம் 2000-இலிருந்து பீப்பாய் பீப்பாயாகச் சிரப் சேமிக்கிறது. 2011-12-இல் ஒரு கும்பல் அதிலிருந்து ஏறக்குறைய 3,000 டன்னைத் திருடியது. சிரப்பை எடுத்துவிட்டுப் பீப்பாய்களில் தண்ணீரை நிரப்பி வைத்திருந்தார்கள்! 2021 அறுவடை சரிந்தபோது அந்தக் கையிருப்பில் ஏறத்தாழ பாதியை, 5 கோடி பவுண்டை, சந்தைக்கு விட்டார்கள். அதனால்தான் கடையில் தட்டுப்பாடு தெரியவில்லை. ஆனால் 2023-இலும் சரிந்ததால் 2024 தொடக்கத்தில் கையிருப்பு 70 லட்சம் பவுண்டுக்கும் கீழே போனது. அடுத்தடுத்து இரண்டு மோசமான வருடம் வந்தால் விலை எகிற வாய்ப்பு உண்டு, அலமாரி காலியாக வாய்ப்புக் குறைவு.

வாங்குவதாக இருந்தால் லேபிளைப் பாருங்கள். "பான்கேக் சிரப்" என்று மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் நிறமும் மணமும் சேர்த்த சோளச் சிரப். அசல் தகர டின் திறக்காமல் வருடக்கணக்கில் இருக்கும். திறந்தபின் ஃபிரிட்ஜில் வையுங்கள், வெளியே வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும்.