சோவியத் காலப் பியானோ இசைத்தட்டுகள்: கேள்வி பதில்

சோவியத் ஒன்றியத்தில் பதிவான பியானோ இசைத்தட்டுகளைப் பல ஆண்டுகளாகத் தேடிச் சேர்த்தும், எண்மப்படுத்தி நண்பர்களோடு பகிர்ந்தும் வருகிறேன். இது தொடர்பாக வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: வணக்கம் ஐயா. பழைய புத்தகக் கடையில் நான்கு ரஷ்ய இசைத்தட்டுகள் கிடைத்தன. எனக்கு ரஷ்ய எழுத்து தெரியாது. இவை எந்தக் காலத்தவை என்று எப்படிக் கண்டுகொள்வது?

பதில்: ரஷ்ய மொழி தெரியாமலேயே பாதித் தகவலைப் பெற்றுவிடலாம். முதலில் லேபிளின் விளிம்பையொட்டி 5289 என்று தொடங்கும் எண்ணைத் தேடுங்கள். அது 'கோஸ்த்' எனப்படும் அரசுத் தர அளவீட்டின் எண். அதைத் தொடர்ந்து வரும் 56, 61, 68, 73, 80, 88 ஆகியவை அந்தத் தர அளவீடு வெளியான ஆண்டைக் குறிக்கும். 5289-61 என்று அச்சிட்டிருந்தால் அந்தத் தட்டு 1961-க்கு முன் அச்சாகியிருக்க வழியில்லை.

அடுத்து, பட்டியல் எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்தைப் பாருங்கள். சிறு வீடு ஒன்றுக்கு அடியில் இரண்டு கால்கள் முளைத்தது போன்ற எழுத்து இருந்தால் அது நீண்டநேரம் ஒலிக்கும் மோனோ தட்டு. அதன்பின் ஒரு சுழி வந்து எண் தொடர்ந்தால் 30 செ.மீ. அளவு. ரோமன் 'சி' போன்ற எழுத்து ஸ்டீரியோவைக் குறிக்கும். ரஷ்ய மொழியில் அது 'எஸ்' ஒலி. 1970-களின் நடுப்பகுதிக்குப் பிறகு அந்த எழுத்துக்கு அடுத்து 10 என்று வரும். அதில் ஒன்று செவ்வியல் இசையையும், சுழி 30 செ.மீ. அளவையும் சுட்டும். பழைய தட்டுகளில் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி எண் இருந்தது. உறையில் இரட்டை எண் காணப்படுவது அதனால்தான்.

'மெலோதியா' என்ற பெயர் இருந்தால் 1964 அல்லது அதற்குப் பிந்தையது. அந்த ஆண்டில்தான் சோவியத் ஒன்றியம் முழுவதற்குமான இசைத்தட்டு நிறுவனமாக மெலோதியா உருவாக்கப்பட்டது. அதற்கு முந்தைய தட்டுகளில் அப்ரெலெவ்கா, லெனின்கிராட், ரிகா, தாஷ்கெண்ட் போன்ற ஆலைகளின் பெயர்கள் காணப்படும்.

கேள்வி: அப்படியானால் 61 என்று போட்டிருக்கும் தட்டில் உள்ள வாசிப்பு 1961-இல் பதிவானதா?

பதில்: இல்லை. அது தட்டு அச்சான காலத்தின் கீழ் எல்லையை மட்டுமே சொல்கிறது. ஒரே ஒலிநாடாவை வெவ்வேறு ஆலைகள் பல ஆண்டுகளுக்கு மறுபடி மறுபடி அச்சிட்டன. 1950-களின் லேபிள்களில் பெரும்பாலும் பதிவு நாளே குறிக்கப்படுவதில்லை. ஆகையால், பகிரும்போது 'அச்சு', 'பதிவு' என்று இரண்டையும் பிரித்து எழுதுங்கள். இந்த இரண்டையும் குழப்பியதால், ஒருவர் இளமையில் வாசித்ததை முதுமையின் வாசிப்பு என்று நம்பிக் கேட்டவர்கள் பலர்.

கேள்வி: சோவியத் பியானோ கலைஞர்களில் ரிக்டரும் கிலெல்ஸும் மட்டுமே எனக்குத் தெரிந்த பெயர்கள். அரிய தட்டுகளைச் சேர்க்க விரும்பினால் யாரிடமிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: அந்த இருவரின் தட்டுகளும் பெரும் எண்ணிக்கையில் அச்சானவை, வெளிநாட்டு நிறுவனங்களும் வெளியிட்டிருக்கின்றன. அவர்கள் எல்லோருக்கும் கிடைப்பார்கள். சோவியத் எல்லைக்குள்ளேயே பெரும்பாலும் வாழ்ந்து முடித்தவர்களிடம் செல்லுங்கள் என்பதுதான் என் பரிந்துரை.

விளாதிமிர் சோஃப்ரோனித்ஸ்கியை முதலில் சொல்வேன். 1901-இல் பிறந்து 1961-இல் மறைந்த அவர், ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்க்ரியாபினின் மகள் எலேனாவை மணந்தவர்; ஆனால் ஸ்க்ரியாபின் வாசிப்பதை அவர் நேரில் கேட்டதே இல்லை. மாஸ்கோவில் ஸ்க்ரியாபின் கடைசியாக வசித்த வீடு அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கே அந்த இசையமைப்பாளரின் பெக்ஸ்டைன் பியானோவில் சோஃப்ரோனித்ஸ்கி வாசித்த பதிவுகள் உண்டு. பெரிய அரங்கின் பளபளப்பு அவற்றில் இல்லை. நாற்காலியின் முனகலும் கேட்பவர்களின் இருமலும் அருகில் ஒலிக்கின்றன. ஆனால் ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடையே அவர் காத்திருக்கும் அந்தக் கணத்தை ஒலிப்பதிவுக் கூடத்துப் பதிவுகளில் நான் இதே அளவுக்கு உணர்ந்ததில்லை.

மரியா கிரின்பெர்கை (1908–1978) விட்டுவிடாதீர்கள். 1937-இல் அவருடைய கணவரும் தந்தையும் கைதாகிக் கொல்லப்பட்டார்கள். வேலை பறிபோய், நடனக் குழுவொன்றுக்குப் பக்கவாத்தியம் வாசித்துப் பிழைத்தவர் அவர். பிறகு பேத்தோவனின் 32 பியானோ சொனாட்டாக்களையும் (பல பகுதிகள் கொண்ட தனி வாத்தியப் படைப்புகள்) முழுமையாகப் பதிவு செய்தார். சோவியத் கலைஞர்களில் அதை முதலில் செய்தவர் அவரே. 13 தட்டுகள் கொண்ட அந்தத் தொகுப்பை மெலோதியா 1970-இல் வெளியிட்டது. முழுப் பெட்டி கிடைப்பது கடினம், தனித்தட்டுகள் கிடைக்கும். ஒவ்வொன்றாகச் சேர்த்தாலும் மதிப்புக் குறையாது.

சாமுயில் ஃபெயின்பெர்க் 1914-லேயே மாஸ்கோவில் இசையமைப்பாளர் பாக்கின் 48 பிரிலூடுகளையும் (முன்னிசைகள்) ஃப்யூகுகளையும் (ஒரே மெட்டைப் பல குரல்களில் பின்னும் படைப்புகள்) முழுமையாக வாசித்தவர். அவற்றை ஒலிப்பதிவு செய்ததோ 1958-க்கும் 1961-க்கும் இடையில், 1962-இல் இறந்துவிட்டார். வாழ்நாள் முழுவதும் கையில் வைத்திருந்த ஒன்றைக் கடைசியில் இறக்கிவைக்கும் வாசிப்பு அது. அவசரமில்லாத ஒரு மாலையில் கேளுங்கள்.

கேள்வி: ஸ்டாலினுக்காக ஒரே இரவில் பியானோ கலைஞர் மரியா யூதினா பதிவு செய்த மொஸார்ட் கான்செர்டோவின் (தனி வாத்தியமும் வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) தட்டு விற்பனைக்கு வந்திருப்பதாக ஒருவர் பெரும் விலை சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். வானொலியில் அந்த வாசிப்பைக் கேட்டு ஸ்டாலின் தட்டைக் கேட்டதாகவும், தட்டே இல்லாததால் இரவோடு இரவாக வாத்தியக் குழுவைக் கூட்டி ஒரே ஒரு பிரதி அச்சிட்டதாகவும் சொல்லப்படும் கதைக்கு ஆவண ஆதாரம் கிடையாது. அலெக்சாந்தர் காவுக் வாத்தியக் குழுவை நடத்த யூதினா வாசித்த 23-ஆம் கான்செர்டோ, ஏ மேஜர், உண்மையிலேயே பதிவாகியிருக்கிறது. பிற்காலத் தட்டுகளில் குறைந்த விலைக்கே கிடைக்கிறது. அதன் மெதுவான நடுப்பகுதியைக் கேட்டால், கதை எதுவும் சேர்க்காமலே அதன் பெருமை புரியும். கதைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: என்னிடம் உள்ள ஸ்க்ரியாபின் தட்டில் நீண்ட சுரங்கள் அலைபோல ஏறி இறங்குகின்றன. டர்ன்டேபிளில் கோளாறா?

பதில்: பெரும்பாலும் தட்டிலேயே இருக்கும் குறை, நடுத்துளை மையம் விலகியிருக்கிறது. சோதிப்பது எளிது. தட்டு ஓடும்போது பக்கவாட்டிலிருந்து டோன்ஆர்மை (ஊசியைத் தாங்கும் கை) கவனியுங்கள். 33⅓ வேகத்தில் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி ஆகும். ஊசித் தலை அதே கணக்கில் வலமும் இடமும் மெல்ல அசைந்தால் துளைதான் காரணம். வயலினிலோ பாட்டிலோ இந்த அசைவு கமகத்தோடும் அதிர்வோடும் கலந்து மறைந்துவிடும். பியானோவின் சுரம் தட்டியபின் நிலையாக நிற்க வேண்டியது என்பதால், மிகச் சிறிய விலகல்கூட இறுதிச் சுரக்கூட்டில் அப்பட்டமாகத் தெரியும். துளையைச் சிறிது அகலப்படுத்தி, டோன்ஆர்ம் அசையாமல் நிற்கும் வரை தட்டை நகர்த்தி வைத்து ஓட்டலாம். முதலில் மதிப்பில்லாத ஒரு தட்டில் கை பழகிக்கொண்ட பிறகே அரிய தட்டைத் தொடுங்கள்.

கேள்வி: 1950-களின் மோனோ தட்டுக்குத் தனி ஊசி தேவையா?

பதில்: தேவை என்பதே என் அனுபவம். அக்காலப் பள்ளங்கள் சுமார் 25 மைக்ரான் முனைக்காக வெட்டப்பட்டவை. ஸ்டீரியோ ஊசியின் முனை அதைவிடக் கூர்மையானதால் பள்ளத்தின் அடியில் இறங்கித் தூசியையே வாசிக்கும். மோனோ தட்டில் இசை பக்கவாட்டு அசைவில் மட்டுமே இருக்கிறது. மேலும் கீழுமான அசைவு வெறும் இரைச்சல். மோனோ கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்திய தலைப்பகுதி) வாங்க இயலாதவர்கள் ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் அதை அழுத்தினாலே இரைச்சலில் கணிசமான பகுதி போய்விடும்.

கேள்வி: கடலோர ஊரில் இருக்கிறேன். தட்டுகளில் பூஞ்சை பிடிக்கிறது.

பதில்: காய்ச்சி வடித்த நீரில் ஓரிரு துளி மென்சோப்புக் கரைசல் கலந்து, பள்ளத்தின் போக்கிலேயே துடையுங்கள். பழைய தாள் உறையைப் பிரித்துத் தனியாக வையுங்கள். தட்டுக்குப் புதிய உள்ளுறை போடுங்கள். 78 வேகத் தட்டு அரக்கால் ஆனது, அதன் அருகில் ஆல்கஹாலைக் கொண்டுபோகவே கூடாது.

கேள்வி: எண்மப்படுத்திப் பகிர விரும்புகிறேன். வெடிப்பொலிகளை மென்பொருளால் நீக்கிவிடலாமா? சட்டச் சிக்கல் வருமா?

பதில்: 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் எடுத்து, எதையும் நீக்காத மூலக் கோப்பை முதலில் பத்திரப்படுத்துங்கள். பியானோவின் சுத்தியல் தந்தியில் விழும் ஒலியும் தட்டின் கீறல் ஒலியும் மென்பொருளின் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றுதான். ரிக்டர் 1943-இல் முதன்முதலில் அரங்கேற்றிய புரோகோஃபியேவின் ஏழாம் சொனாட்டாவை ஒருமுறை தானியங்கி முறையில் சுத்தம் செய்தேன். கடைசிப் பகுதியில் இடது கையின் அடிகள் பஞ்சில் விழுவதுபோல் ஆகிவிட்டன. அன்றிலிருந்து பெரிய வெடிப்பொலிகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கையால் நீக்குகிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு மாலை போய்விடும், போகட்டும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, இரண்டு உரிமைகளைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கான உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். 1960-இல் வெளியான தட்டுக்கு 2020 முடிவோடு தீர்ந்தது. இசையமைப்பாளரின் உரிமை அவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள். 1915-இல் மறைந்த ஸ்க்ரியாபினைப் பற்றிக் கவலையில்லை. ஷோஸ்தகோவிச் 1975-இல் மறைந்தவர். ஆகவே, அவருடைய 24 பிரிலூடுகளையும் ஃப்யூகுகளையும் தத்யானா நிகோலாயெவா வாசித்த 1962-ஆம் ஆண்டுப் பதிவு எவ்வளவு பழையதானாலும், இசைக்கு 2035 முடியும்வரை உரிமை உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒலிப்பதிவுக்கு 70 ஆண்டுகள். இணையத்தில் வைத்தால் எல்லா நாட்டவரும் எடுப்பார்கள் என்பதால், காலம் தீராதவற்றை நான் பொதுவில் வைப்பதில்லை. வீட்டுக்கு வரும் நண்பர்களோடு அமர்ந்து கேட்கிறேன்.

பகிரும் எதனோடும் இரு பக்க லேபிள்களின் படம், பட்டியல் எண், பயன்படுத்திய ஊசி ஆகியவற்றைச் சேர்த்தே கொடுங்கள். பெயரில்லாமல் அலையும் கோப்பு இன்னொருவரின் வாசிப்பாக மாறிவிடுவதற்கு நாளாகாது.

கேள்வி: என் பெரியப்பா விட்டுச்சென்ற 25 செ.மீ. தட்டில் லேபிளின் பெரும்பகுதி கிழிந்துவிட்டது. பியானோ இசை என்று மட்டும் தெரிகிறது. யார் வாசித்தது என்று கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும் என்றே நம்புகிறேன். இசைப் பள்ளம் முடிந்து லேபிள் தொடங்குவதற்கு இடையே வழவழப்பான வளையம் இருக்கும். இருட்டறையில் தட்டை மேசைமேல் வைத்து, டார்ச்சை ஏறக்குறையப் படுக்கைவசத்தில் பிடித்துத் தட்டை மெல்லத் திருப்புங்கள். ஓரிடத்தில் எண்கள் நிழலோடு எழுந்து நிற்கும். முதலில் 33 என்ற வேகமும், அந்த வீடு போன்ற எழுத்தும், பிறகு அந்தப் பக்கத்தின் எண்ணும், சாய்கோட்டுக்குப் பின் அச்சுவார்ப்பின் எண்ணும் இருக்கும். இரு பக்கங்களையும் எழுதிக்கொண்டால், பட்டியல்களில் தேடி ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். லேபிளின் மிச்சத் துண்டை ஒட்டவோ உரிக்கவோ வேண்டாம். அதில் கையெழுத்தோ கடை முத்திரையோ இருந்தால் அதையும் படமெடுத்து அனுப்புங்கள்.