பழைய டிங்கியின் கம்பிகள்: எதை மாற்றுவது, எதை விடுவது?

கேள்வி: சென்னையில் பழைய என்டர்பிரைஸ் டிங்கி (சின்னப் பாய்ப்படகு) ஒன்றை வாங்கியிருக்கிறேன். ஃபைபர் உடலும் அலுமினியப் பாய்மரமும் நன்றாக இருக்கின்றன. பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தும் ஸ்டீல் கம்பிகளுக்கு இருபது வயது இருக்கும் என்கிறார் விற்றவர். துடைத்தால் பளபளவென்று இருக்கின்றன. அப்படியே விடலாமா? அல்லது எல்லாவற்றையும் டைனீமா என்கிற பலமான செயற்கை இழைக் கயிறாக மாற்றிவிடலாமா?

பதில்: இருபது வருடம் கடல்தண்ணீர் பட்ட கம்பி என்றால் யோசிக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். துடைத்தால் பளபளப்பது நடுப்பகுதி. கம்பி அறுவது பெரும்பாலும் முனையில்தான்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத் துருவிலிருந்து காப்பது அதன் மேலிருக்கும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். கீறல் பட்டாலும் காற்று இருந்தால் அது தானாகவே மறுபடி உருவாகிவிடும். முனையில் அழுத்திப் பொருத்திய குழாய்க்குள் உப்புத் தண்ணீர் இறங்கித் தேங்கினால் அங்கே காற்று கிடையாது. படலம் போய், உள்ளுக்குள்ளேயே அரிக்கத் தொடங்கும். வெளியே தெரிவதெல்லாம் குழாயின் வாயில் டீக்கறை போல ஒரு பழுப்புக் கோடு, அவ்வளவுதான். பழைய வேட்டித் துணியைக் கம்பியோடு உருவிப் பாருங்கள். நூல் எங்கே சிக்குகிறதோ அங்கே ஒரு இழை அறுந்திருக்கிறது. ஒரே ஒரு இழை அறுந்திருந்தாலும் அந்தக் கம்பி முடிந்தது.

உங்கள் படகில் இருப்பவை ஷ்ரவுட் என்கிற பக்கக் கம்பிகள் இரண்டு, முன்னால் ஃபோர்ஸ்டே ஒன்று. மூன்றையும் ஒன்றாகவே மாற்றுங்கள். 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில், 1x19 பின்னல் கேளுங்கள்: நடுவில் ஒரு இழை, சுற்றி 6, அதற்கு வெளியே 12. இழுத்தால் அதிகம் நீளாத பின்னல் இது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் வளைந்துகொடுக்கும் 7x19 கம்பி கப்பியில் ஓடத்தான் சரி, பாய்மரத்தைப் பிடித்து நிறுத்த அல்ல. தடிமனைப் பழைய கம்பியில் வெர்னியர் வைத்து அளந்து, அதே அளவில் வாங்குங்கள். இந்த அளவுப் படகுகளில் பெரும்பாலும் 2.5 அல்லது 3 மி.மீ. இருக்கும். தடித்தால் நல்லது என்று நினைத்தால் பாய்மர உச்சியில் பாரம் ஏறும். நீளத்தை, கம்பியை இழுத்துப் பிடித்து, ஒரு முனையில் பின் (மாட்டும் ஆணி) நுழையும் துளையின் நடுவிலிருந்து மறு முனைத் துளையின் நடுவுக்கு அளந்துகொள்ளுங்கள். பழைய கம்பியையே மாதிரிக்குக் கொடுத்துவிட்டால் வம்பே இல்லை.

முன்னாலிருக்கும் சின்னப் பாயான ஜிப்பின் ஹால்யார்டு பெயருக்குத்தான் பாய் ஏற்றும் கயிறு. அதை இறுக்கியதும் ஃபோர்ஸ்டே தொய்ந்துவிடும். ஜிப்பின் முன்விளிம்புக்குள் ஓடும் கம்பிதான் அப்புறம் பாய்மரத்தை முன்னால் இழுத்துப் பிடிக்கிறது. ஆக, அந்த ஹால்யார்டும் நான்காவது தாங்கு கம்பி போலத்தான். அந்த விளிம்புக் கம்பியையும் பாருங்கள், பலரும் மறப்பது அதைத்தான்.

டைனீமாவை மெயின் ஹால்யார்டுக்கு, அதாவது பெரிய பாயை ஏற்றும் கயிற்றுக்கு, தாராளமாகப் போடலாம், 4 மி.மீ. போதும். முடிச்சு போட்டால் அதன் பலத்தில் ஏறக்குறைய பாதி போய்விடும், வழுக்கவும் செய்யும். முனையில் கயிற்றையே மடக்கிக் கண் (வளையம்) பின்னிக்கொள்ளுங்கள். உச்சிக் கப்பியின் பள்ளம் கம்பிக்காக வெட்டிய குறுகலான பள்ளமாக இருந்தால் கப்பியையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அது கயிற்றைத் தின்றுவிடும். பழைய ஹால்யார்டை உருவும் முன் அதன் வாலில் ஒரு மெல்லிய நூலைத் தைத்து இழுங்கள். நூல் உள்ளே இருந்தால் புதுக் கயிறு பின்னாலேயே வந்துவிடும். ஷ்ரவுட்களுக்கு டைனீமா வேண்டாம் என்பேன். வெயிலும் உராய்வும் அதற்கு ஆகாது, பந்தயத்துக்குப் போவதென்றால் என்டர்பிரைஸ் வகைப் படகுகளுக்கான விதியையும் பார்க்க வேண்டும்.

பாய்மரத்தைச் சாய்த்து வைத்திருக்கும்போதே ரிவெட்களைச் சுற்றிப் பாருங்கள். வெள்ளைப் பொடி உதிர்ந்தால் ஸ்டீலைத் தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியம் அரிக்கிறது என்று அர்த்தம். கழற்றி, இடையில் டியூராலாக் போன்ற பசை தடவி மறுபடி அடியுங்கள்.

என் பாய்மரம் ஒரு முறை கீழே வந்தது, கம்பி அறுந்ததால் அல்ல. பின்னைப் பிடித்திருந்த சின்ன வளையத்தில் ஜிப் கயிறு சிக்கி, அதை விரித்துவிட்டது. அதற்கு மேல் நாடா சுற்ற எனக்குச் சோம்பல். பின்கள், வளையங்கள் எல்லாவற்றையும் புதிதாக வாங்கி நாடா சுற்றுங்கள். சரி, முதல் நாள் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுக் கரைக்கு வந்து இறுக்கத்தை மறுபடி பாருங்கள். புதுக் கம்பி கொஞ்சம் இளகியிருக்கும்.