சிப்பிக்குச் செம்பு முலாம்

கேள்வி: நிலாவெளியில் பொறுக்கிய சிப்பிக்கும் ஒரு கண்ணாடிப் போத்தலுக்கும் செம்பு முலாம் பூசப் பார்த்தேன். சிப்பி நுரைத்துக் கரைந்தது, போத்தலில் ஒன்றுமே ஒட்டவில்லை. ஏன்?
- வாசகர், திருகோணமலை

பதில்: கண்ணாடியில் மின்சாரம் ஓடாது, ஓடாத இடத்தில் செம்பு படியாது, அவ்வளவுதான். அரத்தாளால் சொரசொரப்பாக்கி, வார்னிஷில் காரீயத்தூளை (ஈயம் அல்ல, பென்சிலில் இருக்கும் கிராபைட்; போகலைச் சுரங்கத்தில் எடுக்கிறார்களே, அதேதான்) கெட்டியாகக் குழைத்துப் பூசிக் காயவிட்டு, அதை பற்றரியின் எதிர்முனையிலும் செம்புத் துண்டை நேர்முனையிலும் கொடுத்து, சல்பூரிக் அமிலம் கலந்த மயில்துத்தக் (செம்பு சல்பேற்று) கரைசலில் தொங்கவிடுங்கள். கரன்ட் குறைவாகவே இருக்கட்டும், அவசரப்பட்டால் செம்பு பொடிப்பொடியாக உதிரும். சிப்பி கல்சியம் காபனேற்று, அமிலம் பட்டால் கரையாமல் என்ன செய்யும்? முதலில் இடைவெளியில்லாமல் இரண்டு கோட் வார்னிஷ், அப்புறம்தான் காரீயம். வெள்ளி நைத்திரேற்றும் அமோனியாவும் கலந்து வெள்ளிப் படலம் ஏற்றும் வழியும் உண்டு, ஆனால் மிச்சக் கரைசலை வைத்திருந்தால் வெடிக்கும், வீட்டில் வேண்டாம்.