எங்கே என்று தெரிந்தவள்

அன்புள்ள அக்கா,

மும்பை மாட்டுங்காவில் இருக்கிறோம். என் மகளுக்குப் பதின்மூன்று வயது. அபூர்வ சக்தி படைத்த பிள்ளைகள் ஒன்றுசேர்ந்து, காணாமல் போன தோழர்களை மீட்டு வரும் கதைகளையே படிக்கிறாள். ஒருத்தி சுவருக்குள் நுழைகிறாள், ஒருவன் பிறர் கனவுக்குள் போகிறான். எல்லாம் ஆங்கிலம். பத்து மணிக்கு நானே விளக்கை அணைத்துவிடுகிறேன். நிஜத்தில் ஒரு பிள்ளை தொலைந்தால் தேடுவதற்குப் போலீஸ் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இதில் என்ன வேலை? இதற்குப் பதிலாக எந்தத் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுக்கலாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

ஆங்கிலத்தை விடுங்கள். கதைப் பசி உள்ள பிள்ளை தமிழுக்கும் வந்து சேரும். சுவருக்குள் நுழைவதும் கிடக்கட்டும். கூடு விட்டுக் கூடு பாயும் கதை கேட்டு வளர்ந்த நாம் அதற்கு முகம் சுளிக்கக் கூடாது. ஆனால் "பிள்ளைகளுக்கு இதில் என்ன வேலை" என்று எழுதிவிட்டீர்களே, எப்படி மனம் வந்தது?

1984-இல் தாராவியில் நான் ஏழாம் வகுப்பு படித்தேன். கணக்கில் தோற்றதற்கு அப்பாவிடம் அடி வாங்கிய எங்கள் வகுப்புப் பையன் ஒருவன் அன்று மாலையே காணாமல் போனான். பெரியவர்கள் கிணறு, சாக்கடை, மாகிம் கடற்கரை என்று அலைந்தார்கள். காவல் நிலையத்தில், இரண்டு நாளில் தானே வருவான் என்று திருப்பி அனுப்பினார்கள். என் தோழி மட்டும், "அவன் தாதரில் இருக்கிறான்" என்றாள். எப்போதோ ஐஸ் கோலா உறிஞ்சிக்கொண்டே, ரயிலுக்கு ஏற்றக் கிடக்கும் பார்சல் மூட்டைகளுக்கு நடுவில் படுத்தால் யாருக்கும் தெரியாது என்று அவன் சொல்லியிருக்கிறான். யார் எதைச் சொன்னாலும் அவளுக்கு மறக்காது. மூன்று பேரிடம் சொன்னாள். மூவரும், போய்ப் படி என்றார்கள். மறுநாள் தெருவின் பலசாலி அண்ணன் ஒருவர்தான் எங்களை அழைத்துக்கொண்டு போனார். பிளாட்பாரக் கோடியில், சாக்கு மூட்டைகளின் இடுக்கில், ஊக்கு குத்திய செருப்பைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அண்ணன் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். தெருவே அவருக்கு மாலை போட்டது. என் தோழிக்குக் கிடைத்தவை கன்னத்தில் இரண்டு அறைகள்: "தெரிந்தும் ஏன் முன்பே சொல்லவில்லை?"

வேதாளம் சொன்ன கதை ஒன்றை நினைத்துப் பாருங்கள். சோமப்பிரபையை அரக்கன் தூக்கிப் போய்விடுகிறான். அவளை மணக்க வந்த மூவரில் ஞானி அவள் விந்தியக் காட்டில் இருப்பதை அறிந்து சொல்கிறான். இன்னொருவன் வானில் போகும் தேர் செய்கிறான். வீரன் அரக்கனைக் கொல்கிறான். அவள் யாருக்கு என்று வேதாளம் கேட்க, விக்கிரமாதித்தன் வீரனுக்கே என்கிறான். மற்ற இருவரும் வெறும் கருவிகளாம்! சிறுவயதிலிருந்தே இந்தத் தீர்ப்போடு எனக்குச் சண்டை. எங்கே என்று தெரியாமல் தேரை எந்தப் பக்கம் ஓட்டுவது? வாளை யார் மேல் வீசுவது? வானத்தில் பறப்பதைப் போலவே, கூட இருப்பவன் சொன்ன ஒரு வார்த்தையைப் பத்திரமாக வைத்திருப்பதும் ஒரு சக்திதான். உங்கள் மகள் படிக்கும் கதைகளில் வரும் பிள்ளைகள் அத்தனை பேரும் தோழன் இல்லாத காலி இடத்தை முதலில் பார்த்தவர்கள். பெரியவர்கள் பார்ப்பதற்கு முன்பே பார்த்தவர்கள்.

போலீஸ் என்கிறீர்கள். உங்கள் ஊரில்தான் 1996-இல் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் தொடங்கியது. காணாமல் போன குழந்தை பற்றிய புகாரைக் கடத்தலாகவே கருதி முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2013-இல். எங்கள் காலத்தில் இரண்டும் இல்லை. இன்று இருக்கின்றன, நல்லது. ஆனால் அந்தப் போலீஸ்காரர் முதலில் கேட்பது என்ன? இவனுடைய நண்பர்கள் யார், கடைசியாக யாரிடம் பேசினான் என்பதுதானே? அதற்குப் பதில் உங்களிடமா இருக்கும்? உங்கள் மகளின் மூன்று தோழிகளின் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

கோபப்பட்டுவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பெண் இரவில் படிக்கிறாளே என்று கவலைப்படும் அப்பாவை எனக்குப் பிடித்திருக்கிறது. இன்று பத்து மணிக்கு விளக்கை அணைக்காமல் அவள் பக்கத்தில் உட்காருங்கள். அந்தக் கதையில், தொலைந்த பிள்ளை இருக்கும் இடம் முதலில் யாருக்குத் தெரிந்தது, எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள். பதிலை அவளே எனக்கு எழுதட்டும். ஆங்கிலத்தில் எழுதினாலும் சரி.

அன்புடன்,
அக்கா