இரண்டு எக்ஸ்சேஞ்ச், ஒரே இன்டர்கொம்: டயல் செய்வது பற்றிய கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, புறக்கோட்டைக் கடையிலும் வெள்ளவத்தைக் கிளையிலும் தனித்தனி பிஏபிஎக்ஸ் (உள் டெலிபோன்களை இணைக்கும் எக்ஸ்சேஞ்ச் பெட்டி). இரண்டிலும் 101, 102 என்றுதான் நம்பர். இணைத்தால் எப்படி டயல் செய்வது?

பதில்: தம்பி, வயருக்குக் கை வைக்க முதல் ஒரு கொப்பியில் நம்பர்களை எழுதுங்கள். நம்பரை மாற்றாமல் விடலாம்: வெள்ளவத்தைக்கு 7 என்று வைத்து, 7 அழுத்தி, அங்கத்தைய டயல் டோன் கேட்டபின் 102. இல்லாவிட்டால் புறக்கோட்டை எல்லாம் 2100, 2101, வெள்ளவத்தை எல்லாம் 3100, 3101 என்று மாற்றலாம், முதல் இலக்கத்தைப் பார்த்தே பெட்டி அழைப்பை எங்கே விடுவது என்று தெரிந்துகொள்ளும். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். எங்கிருந்து எடுத்தாலும் ஒரு ஆளுக்கு ஒரே நம்பர். ஒரு கிழமை முணுமுணுப்பார்கள், அப்புறம் பழகிவிடும்.

கேள்வி: 1ல் தொடங்கலாமா?

பதில்: வேண்டாம். 119 பொலிஸ், 110 தீயணைப்பு, 1990 சுவசெரிய அம்புலன்ஸ். பதற்றத்தில் வெளி லைன் எடுக்கும் 9ஐப் போட மறந்து நேரே 119 அடித்தாலும் அழைப்பு வெளியே போகவேண்டும், யாரோ ஒருவரின் மேசையில் மணி அடிக்கக் கூடாது.

கேள்வி: கடைசி இலக்கம் அழுத்திய பிறகும் சில செக்கன் சத்தமே இல்லை, அதன்பின்தான் மணி போகிறது.

பதில்: 21 என்றும் 2100 என்றும் இரண்டு நீளத்தில் நம்பர் வைத்திருப்பீர்கள். 21 வந்ததும் இன்னும் இலக்கம் வருமோ என்று பெட்டி காத்திருக்கிறது. எல்லா நம்பரையும் ஒரே நீளமாக்குங்கள்.

கேள்வி: யாராவது இல்லாத நம்பரை அடித்தால் இரண்டு பக்கமும் லைன் முழுக்க பிஸியாகிவிடுகிறது. பெட்டி பழுதா?

பதில்: பெட்டி நல்லாத்தான் இருக்கிறது. தனக்குத் தெரியாத நம்பரை இது அங்கே தள்ளுகிறது, அதுவும் தனக்குத் தெரியாததால் திருப்பி இங்கே தள்ளுகிறது, ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு டை லைன் (இரண்டு பெட்டியையும் இணைக்கும் லைன்) போகிறது. கொட்டாஞ்சேனையில் ஒரு களஞ்சியத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன்: நாலு லைன், ஒரே ஒரு பிழையான டயல், சிவப்பு விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து நாலும் அப்படியே நின்றன. 3ல் தொடங்கும் நாலிலக்க நம்பர் மட்டும் வெள்ளவத்தைக்கு, அங்கிருந்து 2ல் தொடங்குவது மட்டும் புறக்கோட்டைக்கு, மீதிக்குப் பிழை டோன் என்று இரண்டு பெட்டியிலும் எழுதுங்கள். "தெரியாததெல்லாம் மற்றப் பக்கம்" என்ற விதியை எங்கேயும் வைக்காதீர்கள்.

கேள்வி: இன்டர்நெட் வழியாக இணைத்தோம். மணி அடிக்கிறது, ஆனால் ஒரு பக்கம் கதைப்பது மட்டும்தான் கேட்கிறது.

பதில்: மணி அடித்தால் டயல் பிளான், அதாவது எந்த நம்பர் எங்கே போகும் என்ற விதி, சரி. இன்டர்நெட் வழி அழைப்பை ஏற்படுத்தும் முறையான எஸ்ஐபியில் அழைப்புச் செய்தி ஒரு வழி, குரல் வேறு போர்ட் வழி. பெட்டி 192.168 என்று தொடங்கும் தன் உள் முகவரியைக் கொடுத்துவிடுகிறது, அந்த முகவரிக்கு வெளியிலிருந்து குரல் வந்து சேராது. இரண்டு ரூட்டருக்கும் இடையில் விபிஎன் (இன்டர்நெட்டுக்குள் பூட்டிய தனிப் பாதை) போடுங்கள், இது தீரும். எஸ்ஐபியின் 5060 போர்ட்டை வெளியே திறந்து வைக்கவும் தேவையில்லை. திறந்து கிடந்தால் யாரோ உங்கள் லைனில் வெளிநாட்டுக்குக் கதைப்பான், பில் உங்களுக்கு. டை லைனில் வரும் அழைப்புக்கு 9ஐயும் பூட்டிவிடுங்கள்.