ஹாலில் ஒரு பெட்டி, அறையில் ஒரு ரூட்டர்: எப்படி இணைப்பது, எதையெல்லாம் பூட்டுவது?

கேள்வி: வீட்டில் ஃபைபர் பிராட்பேண்ட் இருக்கிறது. இணைப்புக் கொடுத்தவர் ஹாலில் மாட்டிய பெட்டியிலிருந்தே வைஃபையும் வருகிறது. பாஸ்வேர்டாக என் செல்போன் எண்ணையே வைத்துவிட்டுப் போய்விட்டார். பின்னறைக்கு சிக்னல் எட்டவில்லை என்று தனியாக ஒரு டூயல் பேண்ட் (2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசை) ரூட்டர் வாங்கியிருக்கிறேன். இரண்டையும் எப்படி இணைப்பது? பாதுகாப்புக்கு என்னென்ன மாற்ற வேண்டும்? (மதுரை வாசகர்)

பதில்: ஃபைபர் வந்து நுழைகிற அந்த ஹால் பெட்டிக்கு ஓஎன்டி (ONT) என்று பெயர். ஒளியாக வரும் சிக்னலை மின் சிக்னலாக மாற்றுவது அதன் முதல் வேலை. உங்கள் வீட்டில் ரூட்டர் வேலையையும் வைஃபை வேலையையும் அதுவே பார்க்கிறது. அதனால் புது ரூட்டர் வந்தாலும் அதைக் கழற்றி வைக்க முடியாது. எந்த வேலையை யாரிடம் விடுவது என்பதைத்தான் நீங்கள் முடிவு செய்ய வேண்டும்.

சுத்தமான வழி, நிறுவனத்திடம் சொல்லி ஓஎன்டியை பிரிட்ஜ் மோடுக்கு மாற்றச் சொல்வது. அதன்பின் அது வெறும் மாற்றிதான். இணையத்துக்குள் நுழைய நிறுவனம் தரும் பிபிபிஓஇ (PPPoE) யூசர்நேம், பாஸ்வேர்டு இரண்டையும் உங்கள் ரூட்டரில் போட வேண்டும். வைஃபை பாஸ்வேர்டு வேறு, இது வேறு. மோடை மாற்றுவதற்கு முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சில நிறுவனங்களுக்கு, அவர்கள் வலையில் உங்கள் இணைப்பைப் பிரித்துக் காட்டும் விலேன் (VLAN) எண்ணும் தேவைப்படும், அதையும் சேர்த்துக் கேளுங்கள். லேண்ட்லைன் போனும் அதே பெட்டியில் செருகியிருந்தால், பிரிட்ஜ் போட்ட பிறகும் அது ஓடுமா என்று கேட்டுவிட்டே சம்மதியுங்கள்.

பிரிட்ஜ் தர மறுத்தால் கவலை வேண்டாம். ஓஎன்டியின் லேன் (LAN, வீட்டுக் கருவிகளுக்கான) 1 துளையிலிருந்து புது ரூட்டரின் வான் (WAN, வெளி இணைப்பு வரும்) துளைக்கு ஒரு கேபிள் போட்டு, வான் வகையை டைனமிக் ஐபி (முகவரி தானாக வரும்) என்று வையுங்கள். இப்படிச் செய்தால், வீட்டுக்குள் உள்ள முகவரியை வெளி முகவரியாக மாற்றும் வேலை இரண்டு முறை நடக்கும், அதுதான் டபுள் நாட் (NAT). வீட்டு கேமராவுக்கு வெளியிலிருந்து நேரடியாக வழி திறப்பவர்களுக்கும், சில ஆன்லைன் விளையாட்டுகளுக்கும்தான் அது தொல்லை. யூடியூப், வீடியோ கால், அலுவலக வேலைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் ஒரு நிபந்தனை: இரண்டு பெட்டிகளும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியில் இருக்கக் கூடாது. இருந்தால் வைஃபை முழுக் கோடு காட்டும், இணையம் மட்டும் வராது. பல ரூட்டர்கள் இதைக் கண்டுபிடித்துத் தாமாக மாறிக்கொள்ளும். மாறாவிட்டால் புது ரூட்டரின் லேன் முகவரியை 192.168.50.1 என்று வைத்துவிடுங்கள்.

ஆக்சஸ் பாயின்ட் மோடு என்று மூன்றாவது வழியும் உண்டு, அதில் புது ரூட்டர் வைஃபையை மட்டும் பரப்பும். கடைக்காரர்கள் அதைத்தான் சொல்வார்கள், வேலை சுலபம். ஆனால் அதில் புது ரூட்டரின் ஃபயர்வால் (வெளியிலிருந்து நுழைவதைத் தடுக்கும் காவல்) சும்மா கிடக்கும். காவல் முழுவதும் பழைய ஓஎன்டி கையில்தான். பல மாடல்களில் கெஸ்ட் நெட்வொர்க்கும் (விருந்தினருக்கான தனி வைஃபை) அந்த மோடில் சரியாகப் பிரியாது. பாதுகாப்பு கேட்கும் உங்களுக்கு நான் முதல் இரண்டு வழிகளிலும் உள்ள ரூட்டர் மோடைத்தான் சொல்வேன்.

இணைக்கும் முன் இடம். ஓஎன்டிக்குப் பக்கத்திலேயே புது ரூட்டரையும் வைத்தால் பின்னறையின் கதை பெரிதாக மாறாது. கம்பி போட்ட கான்கிரீட் சுவர் இரண்டைத் தாண்டினாலே 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் துவண்டுவிடும். கேட் 6 (Cat 6) லேன் கேபிள் ஒன்றை வீட்டின் நடுப்பகுதி வரை இழுத்து, ஆள் உயரத்தில், இரும்பு பீரோவுக்கும் டிவிக்கும் பின்னால் ஒளியாத இடத்தில் ரூட்டரை வையுங்கள். கேபிள் முனையில் பிளக்கை இறுக்கி கிரிம்ப் செய்பவர் எட்டு இழைகளையும் செருகுகிறாரா என்று கண்ணாலேயே பாருங்கள். அவசரத்தில் 1, 2, 3, 6 என்ற நான்கு பின்களில் மட்டும் இழை சேர்த்தாலும் கேபிள் வேலை செய்யும், ஆனால் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் ஏறாது. 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டிவிட்டு 94, 95 என்றே நிற்கிறது என்று புலம்பும் பல வீடுகளில் கோளாறு இந்த நான்கு இழையில்தான். மஞ்சள் ஃபைபர் வயரை மட்டும் நீங்கள் தொட வேண்டாம். அதை இறுக்கி மடித்தால் ஓஎன்டியில் சிக்னல் இல்லை என்று காட்டும் லாஸ் (LOS) விளக்கு சிவப்பாகும், ஆள் வந்துதான் சரிசெய்ய வேண்டும்.

இனி அமைப்பு. வான் கேபிளைச் செருகாமலே ஆரம்பியுங்கள். லேப்டாப்பை லேன் கேபிளில் இணைத்து, ரூட்டரின் அடியில் ஒட்டியுள்ள லேபிளில் இருக்கும் முகவரியை பிரவுசரில் அடியுங்கள். லேப்டாப் இல்லாமல் போனில் செய்தால் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். இந்த வைஃபையில் இணையம் இல்லை என்று கண்டதும் போன் தானாகவே டேட்டாவுக்குத் தாவிவிடும். பக்கம் திறக்காது, ரூட்டர் கெட்டுவிட்டதோ என்று நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்வீர்கள். 'இந்தத் தளம் பாதுகாப்பற்றது' என்ற எச்சரிக்கை வந்தால், உங்கள் வீட்டு ரூட்டரின் முகவரிதான் என்பதை உறுதி செய்துகொண்டு தொடரலாம்.

முதல் வேலை, ரூட்டர் அமைப்புப் பக்கத்துக்குள் நுழையும் அட்மின் பாஸ்வேர்டு. பெரும்பாலானோர் கோட்டை விடுவது இங்கேதான். வைஃபை பாஸ்வேர்டு வீட்டுக்குள் வரும் சாவி. அட்மின் பாஸ்வேர்டு பூட்டையே மாற்றுகிற அதிகாரம். 2016-இல் பரவிய மிராய் என்ற தீநிரல், கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்ததற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் பயன்படுத்தவில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்த யூசர்நேம், பாஸ்வேர்டுகளின் சிறு பட்டியல் ஒன்றை வரிசையாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். அட்மினுக்கு வைஃபையிலிருந்து முற்றிலும் வேறான பாஸ்வேர்டு வைத்து, வீட்டு வரவு செலவு நோட்டில் எழுதி வையுங்கள். மறந்துவிட்டு ரீசெட் குத்தி எல்லாவற்றையும் மறுபடி செய்வதைவிட நோட்டு நல்லது.

வைஃபை பெயரில் உங்கள் பெயரோ வீட்டு எண்ணோ வேண்டாம். என்க்ரிப்ஷனில் (வைஃபையைப் பூட்டும் முறை) டபிள்யூபிஏ3 (WPA3) இருந்தால் அது. பழைய கருவிகள் இருந்தால் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 கலப்பு. வெறும் டபிள்யூபிஏ, டபிள்யூஇபி (WEP), டிகேஐபி (TKIP) என்ற பழைய முறைகளில் எது தெரிந்தாலும் ஒதுக்கிவிடுங்கள்.

செல்போன் எண்ணைப் பாஸ்வேர்டாக வைப்பது ஏன் ஆபத்து? பக்கத்து வீட்டாருக்கு உங்கள் எண் தெரியும் என்பது ஒன்று. தெரியாதவனுக்கும் அது சுலபம். டபிள்யூபிஏ2-இல் உங்கள் போன் ரூட்டருடன் இணையும்போது நடக்கும் ஆரம்பப் பரிமாற்றத்தைத் தெருவில் நின்று பிடித்துக்கொண்டு, வீட்டுக்குப் போய் ஆற அமரச் சோதிக்கலாம். இந்திய மொபைல் எண் 10 இலக்கம், முதல் இலக்கம் 6 முதல் 9 வரை. ஆக மொத்தம் 400 கோடி வாய்ப்புகள். விநாடிக்குப் பத்து லட்சம் சோதிக்கிற கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று இருந்தால் அத்தனையும் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 8 முதல் 63 எழுத்து வரை இடம் இருக்கிறது. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து, நடுவே ஓர் எண்ணும் போட்டு 20 எழுத்துக்கு மேல் வையுங்கள். பழமொழி, பாட்டு வரி, சாமி பெயர் வேண்டாம்.

அடுத்து, பாஸ்வேர்டு இல்லாமலே கருவிகளை இணைக்கும் டபிள்யூபிஎஸ் (WPS) வசதியை அணையுங்கள். அதற்குள்ள ரகசிய எண் (PIN) எட்டு இலக்கம். பார்க்க வலுவாகத் தெரியும். ஆனால் ரூட்டர் அதை இரண்டு பாதியாகச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கமோ வெறும் சரிபார்ப்பு எண். எனவே 10,000 கூட்டல் 1,000, அதிகபட்சம் 11,000 முயற்சிதான். 2011 டிசம்பரிலேயே இந்த ஓட்டை வெளியாகிவிட்டது. இருந்தும் அந்த வசதி இன்னும் பல பெட்டிகளில் திறந்த நிலையில் வருகிறது. வெளியிலிருந்து ரூட்டர் அமைப்பைத் திறக்கும் ரிமோட் மேனேஜ்மென்ட் அணைந்திருக்க வேண்டும். கருவிகள் தாமாகவே வெளி வழி திறந்துகொள்ளும் யூபிஎன்பியையும் (UPnP) அணையுங்கள், விளையாட்டு கன்சோல் முரண்டு பிடித்தால் மட்டும் திரும்பப் பார்த்துக்கொள்ளலாம். வைஃபை பெயரை மறைப்பது, மேக் முகவரிப் பட்டியல் போடுவது (கருவிகளின் அடையாள எண்ணைப் பார்த்து அனுமதிப்பது) இரண்டும் வீண் வேலை. இன்றைய போன்கள் பலவும் ஒவ்வொரு வைஃபைக்கும் வேறு வேறு மேக் முகவரியைக் காட்டுவதால் வீட்டு ஆட்களே வெளியே நிற்க நேரலாம்.

இப்போது வான் கேபிளைச் செருகுங்கள். இணையம் வந்ததும் முதலில் ஃபர்ம்வேர் (ரூட்டருக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட். ரூட்டரை இன்வெர்ட்டர் லைனில் மாட்டிவிட்டு ஆரம்பியுங்கள். நடுவில் கரண்ட் போனால் பெட்டி எழுந்திருக்காமலே போகலாம். தானியங்கி அப்டேட் இருந்தால் அதிகாலை நேரத்துக்கு வைத்துவிடுங்கள்.

கேமரா, டிவி, ஸ்மார்ட் பிளக் எல்லாவற்றையும் கெஸ்ட் நெட்வொர்க்கில் போடுங்கள், லேப்டாப்பும் வங்கி ஆப் உள்ள போனும் மெயின் நெட்வொர்க்கில் இருக்கட்டும். ஸ்மார்ட் பிளக் வகையறாக்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே பேசும், டபிள்யூபிஏ3 அவற்றுக்குப் புரியாது. ஆகவே கெஸ்ட்டை 2.4-இல் டபிள்யூபிஏ2 என்று வைத்தால் சண்டை இருக்காது. அந்த 2.4-க்கு அகலம் 20 மெகாஹெர்ட்ஸ், சேனல் 1, 6, 11 மூன்றில் அக்கம்பக்கத்தில் கூட்டம் குறைந்த ஒன்று. 5 கிகாஹெர்ட்ஸை ஆட்டோவில் விடலாம். 52-இல் தொடங்கும் சில சேனல்களில் ரேடார் இருக்கிறதா என்று ரூட்டர் ஒரு நிமிடம் காத்துப் பார்க்கும், அதனால் ஆன் செய்தவுடன் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையின் பெயர் தெரியாவிட்டால் பதற வேண்டாம்.

கடைசியாக ஹால் பெட்டியிடம் திரும்பிப் போங்கள், பலர் இதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். புது ரூட்டரை எவ்வளவு பூட்டினாலும், பழைய வைஃபை செல்போன் எண்ணோடு ஓடிக்கொண்டிருந்தால் அந்த வழியாக யார் வேண்டுமானாலும் உங்கள் இணைப்பில் நுழையலாம். அதைக் கொண்டு யாராவது தப்புத்தண்டா செய்தால் விசாரணை வருவது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம். எனவே ஓஎன்டியில் 2.4, 5 இரண்டு வைஃபையையும் அணைத்து, அதன் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். நிறுவனம் தூரத்திலிருந்தே அந்தப் பெட்டியின் அமைப்பை மாற்ற முடியும். பழுது பார்க்க வருபவரும் ரீசெட் போட்டுவிட்டுப் போகக்கூடும். யாராவது வந்து கைவைத்துவிட்டுப் போன அன்று, போனில் வைஃபை பட்டியலைத் திறந்து பாருங்கள்: பழைய பெயர் மறுபடி முளைத்திருந்தால் அன்றைக்கே அணைத்துவிடுங்கள்.